மருந்தை எடுத்துக் கொடுக்கும் கை

பிள்ளைகள் பிரான்ஸ் தேசத்தில் குடியேறிவிட, வயோதிகத் தாயாரோ தகப்பனாரோ மாத்திரம் தனித்து வாழும் காரைக்கால் வீடுகளில், காலையில் வந்து சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்தெடுத்து, தண்ணீர்ச் செம்போடு நீட்டி, விழுங்கியதைக் கண்ணால் கண்ட பின்பே அடுத்த காரியத்துக்குப் போகும் பெண்ணை ‘ஆயா’ என்று அழைக்கிறார்களே தவிர, அவள் செய்வது வைத்தியத்தின் ஓர் அங்கம் என்று எவரும் எண்ணுவதில்லை.

அமெரிக்காவில் இந்தப் பணிக்குத் தனிப் பெயரும் தனிச் சான்றிதழும் உண்டு. டெக்சாஸ் மாகாணத்தில், நோயாளிகளைப் பராமரிக்கும் உதவியாளராக முன்பே வேலை பார்ப்பவர் 140 மணி நேரம் பயின்று பரீட்சையில் தேறினால், செவிலியரின் மேற்பார்வையில் மாத்திரை கொடுக்கலாம். ஊசி போடும் அதிகாரம் கிடையாது. நம் தேசத்துச் சட்டத்தில் இப்படியோர் இடைநிலைப் பதவியே இல்லை. மருத்துவர் எழுதிய மருந்தை எடுத்துத் தருவது மருந்தாளுநர் பொறுப்பு. அதை நோயாளிக்குப் புகட்டுவது செவிலியர் பொறுப்பு.

பழைய ஏற்பாடு வேறாக இருந்தது. டாக்டருக்குப் பக்கத்து அறையில் நின்று மிக்ஸ்சர் கலக்கி, வேளைக்கு எவ்வளவு என்பதைக் காட்டக் காகிதப் பட்டையின் ஓரத்தைக் கத்தரித்துப் புட்டியில் ஒட்டித் தந்த கம்பவுண்டர், பெரும்பாலும் அநுபவத்தால் மட்டுமே அந்த யோக்கியதையை அடைந்தவர். 1948 ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் அந்த வாசலை அடைத்தது. ஆனாலும் ஐந்தாண்டுக்குக் குறையாமல் மருந்து கலக்கிய பழைய கைகளை முதற் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளும் தாட்சண்யம் அதற்கு இருந்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் வசம்; 1954 நவம்பர் 1 இல் நிர்வாகம் கைமாறிய பிறகே இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கே வந்து சேர்ந்தன.

இன்று மருந்தாளுநராக விரும்புகிறவர் பிளஸ் டூவில் பௌதிகம், இரசாயனத்தோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். இரண்டு வருஷ டி.பார்ம் படிப்பு, அதன்மேல் மூன்று மாதங்களில் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. இவை முடிந்தாலும், 2022 இல் வகுத்த விதிகளின்படி தகுதித் தேர்வு ஒன்றில் தேறிப் பார்மசி கவுன்சிலில் பெயர் பதிவு செய்தாக வேண்டும். செவிலியர் பக்கம் போனால், எந்தக் குரூப் படித்தவரும் சேரக்கூடிய ஏ.என்.எம். இரண்டு வருஷம், ஜி.என்.எம். மூன்று வருஷம், உயிரியல் படித்தவருக்கான பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு வருஷம்.

இத்தனை காலம் காத்திருக்க வசதியில்லாத குடும்பத்துப் பெண்களை, ஆறே மாதத்தில் ‘நர்ஸ்’ ஆக்குவதாகச் சுவரொட்டிகள் அழைக்கின்றன. என் அபிப்பிராயத்தில் இதைவிடக் கொடிய ஏமாற்று வேறில்லை. நர்சிங் கவுன்சில் பதிவைத் தராத காகிதத்தை வைத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரியிலும் செவிலியராக நிற்க முடியாது. ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்ற குறுகிய காலப் பயிற்சி நாணயமானது. ஆனால் அது குளிப்பாட்டவும், புரட்டிப் படுக்கவைக்கவும், உணவூட்டவும் பழக்குவதே அன்றி, மருந்தின் மீது அதிகாரம் தருவதன்று.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று நர்சிங் மாணவிகள் மனப்பாடம் செய்யும் ஐந்தையும் கேட்டால், இதற்கு ஒரு படிப்பா என்று தோன்றும். இன்சுலின் ஊசியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும். நம் கடைகளில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள புட்டியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 40 யூனிட் மருந்தை இருபதாம் கோடுவரை இழுத்தால் உடம்பில் ஏறுவது எட்டு யூனிட்தான். சிவப்பு மூடியில் 100 யூனிட் மருந்தை அதே கோடுவரை இழுத்தாலோ ஐம்பது யூனிட் ஏறி, சர்க்கரை அடியோடு இறங்கிக் கிழவர் நினைவு தப்பிவிடுவார். இரண்டு சிரிஞ்சுகளும் வீட்டு ஜன்னலோரத்து டப்பாவில், மூடி கழன்ற நிலையில், ஒன்றாகத்தான் கிடக்கின்றன.