மதில் தாண்டும் மருந்து

பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். தென்னையும் மாவும் கொய்யாவும் வீடுகளும் கலந்து கிடக்கும் பேரூராட்சி. தோப்பு எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. இப்படிப்பட்ட ஊர்களில் தோப்புக்கு மருந்தடிக்க வந்தவரிடமே, "அப்படியே நம்ம வீட்டு மரத்துக்கும் ஒரு டேங்க் அடிச்சு விட்ருங்கண்ணே" என்று சொல்வது சாதாரணம். மலையேறிக் கொடைக்கானல் போனால் மருந்தடிக்கும் அதே இயந்திரம் விடுதிப் புல்வெளியிலும் ரோஜாப் பாத்தியிலும் இரைகிறது. ஆனால் தோப்பு வேறு, வீடு வேறு. வீட்டில் பத்தடி தள்ளினால் அடுத்தவர் ஜன்னல், கிணறு, துணிக்கொடி, பிள்ளை தூங்கும் தொட்டில்.

மருந்து கெட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அதை அடிக்கும் இயந்திரத்தைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. கையால் அடித்து அழுத்தம் ஏற்றும் பழைய தெளிப்பானில் துளி பெரிது. இலையில் விழும், இல்லையென்றால் மண்ணில் விழும். முதுகில் மாட்டும் பெட்ரோல் இன்ஜின் தெளிப்பான், வேகமான காற்றை ஊதிக் கரைசலைப் புகையாக உடைக்கிறது. தலைமுடியின் பருமன் அளவே உள்ள, அதாவது 100 மைக்ரான் அளவுள்ள ஒரு துளி, 10 மீட்டர் உயரத் தென்னை மட்டையிலிருந்து தரைக்கு வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசினாலே அதற்குள் அது ஏறத்தாழ 100 மீட்டர் நகர்ந்துவிடும். 3 சென்ட் மனை சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 11 மீட்டர்தான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதைவிட மிகச் சின்னத் துளிகள் எளிதில் விழுவதில்லை, மிதக்கின்றன. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றில் இந்தப் பக்கம் எவரும் மருந்தடிக்கக் கூடாது என்பதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பொழுது சாய்ந்த பின் மலைச்சரிவிலிருந்து குளிர்காற்று கீழே இறங்குவதால், அடிவாரத்து ஊர்களுக்கு மாலை நேரமும் உகந்ததல்ல.

இன்ஜின் தெளிப்பானுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதற்குத் தண்ணீர் குறைவாகப் போதும். ஆகவே கரைசல் கெட்டியாகக் கலக்கப்படுகிறது. அடிப்பவரின் முகத்தில் படுவதும் அந்தக் கெட்டிக் கரைசல்தான்.

இதன் விளைவை 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டம் காட்டியது. பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த ஆண்டு செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தலைக்கு மேலே தூக்கி அடித்தார்கள். அதிவேகமாக நுண்துளி வீசும் மலிவான இயந்திரங்கள் புழக்கத்துக்கு வந்திருந்தன. ப்ரோஃபெனோபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்த கலவை அதிகம் பேசப்பட்டது. அதே ஆண்டு நம் பெரம்பலூர் மாவட்டப் பருத்திக் காடுகளிலும் மருந்தடித்தவர்கள் உயிரிழந்தார்கள். தலைக்கு மேலே தூக்கி அடிப்பது வீட்டு மாமரத்துக்கும் தென்னைக்கும் எப்போதும் நடப்பதுதான்.

டேங்கில் ஊற்றுவது என்ன என்று கேட்க வீட்டுக்காரருக்கும் உரிமை உண்டு, அடுத்த வீட்டுக்காரருக்கும் உண்டு என்பது என் கட்சி. டப்பாவின் மேல் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பென்றால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கொடிய நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் கட்டாயமாக்கிய அடையாளம் அது. நிறத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. மஞ்சள் அடையாளத்தோடு விற்கும் பாராகுவாட் களைக்கொல்லிக்கு முறிமருந்தே கிடையாது. வாயில் ஒரு மடக்கு போனாலே உயிருக்கு ஆபத்து. மீந்த மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்தியாக வேண்டும். வாசலில் முளைத்த புல்லுக்குப் பலரும் வாங்கும் கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும். அதை நடத்துபவருக்கு வேதியியலோடு அறிவியல் பட்டமோ வேளாண் பட்டமோ இருக்க வேண்டும், அதோடு அங்கீகரித்த நிலையத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் இல்லாமல் உரிமம் கிடைக்காது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு ஆகும்?" என்பதல்ல, "லைசென்ஸ் இருக்கா?" என்பது.

எந்த மருந்து எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு என்பதும் லேபிளில் அச்சிட்டிருக்கும். பருத்திக்கு என்று எழுதிய மருந்தை முற்றத்துக் கறிவேப்பிலைக்கு அடித்தால், அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று சொல்ல எவரிடமும் கணக்கில்லை. மறுநாளே ரசத்தில் தாளிக்கிறோம். இவற்றைக் கடையிலேயே கிடைக்காமல் செய்யலாமே என்றால், தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ், ப்ரோஃபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது நினைவிருக்கலாம். அது என்ன 60 நாள் என்று கேட்கத் தோன்றும். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் இப்படிப்பட்ட தற்காலிகத் தடைக்குத்தான். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில்.

இத்தனை ஆபத்தும் எதற்காக? பாலசமுத்திரம் பக்கம் வீட்டு மரமென்றால் முதலில் தென்னைதான். 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, மட்டையின் அடியில் வெள்ளைச் சுருள் சுருளாக முட்டையிடுகிறது. அது கழிக்கும் தேன் போன்ற திரவத்தில் கரும்பூஞ்சை படர்ந்து மட்டை, கொய்யா, வாழை, கீழே நிறுத்திய வண்டி என்று எல்லாமே கறுத்துப் போகிறது. பார்த்தவுடன் பவர் ஸ்ப்ரேயரைக் கூப்பிடத் தோன்றும். கூப்பிடுங்கள், டேங்கில் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையே இதுதான்: ரசாயனம் வேண்டாம், மட்டையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை விசையாகப் பீய்ச்சுங்கள், கரும்பூஞ்சைக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசையைத் தெளித்தால் காய்ந்து உதிர்ந்துவிடும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளைத் தொங்கவிடுங்கள். ரசாயனம் வேண்டாம் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. என்கார்சியா என்ற பொடிக் குளவி வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொன்றுகொண்டிருக்கிறது. மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. ஈ திரும்ப வரும், இரட்டிப்பாக வரும். மற்ற செடிகளுக்கு லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, துளி சோப்பு சேர்த்துக் கைத்தெளிப்பானால் அடித்தால் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். சோளமோ பருத்தியோ நாசமானால் கடனில் விழும் அச்சம் வீட்டில் கத்தரிச் செடி வளர்ப்பவருக்கு இல்லையே.

இனி, அடுத்த வீட்டில் அடிக்கிறார்கள், நமக்கு மூச்சு முட்டுகிறது என்றால் என்ன செய்வது? இங்கேதான் சட்டத்தில் ஓர் ஓட்டை. விமானத்தில் மருந்து தெளிப்பதானால் 24 மணி நேரத்துக்கு முன்பே ஊருக்கு அறிவிக்க வேண்டும், ஆட்களையும் ஆடுமாடுகளையும் அந்த இடத்தில் விடக் கூடாது என்று பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. (அந்த விதி கேரளத்தின் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களைச் சுற்றி வாழ்ந்தவர்களைக் காக்கவில்லை. 2000 வரை அங்கே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் அடித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2017 ஆனது.) முதுகில் மாட்டிய இன்ஜினுக்கு அப்படி முன்னறிவிப்பு விதி எதுவும் இல்லை.

கனடாவில் மாண்ட்ரியலுக்கு அருகே ஹட்சன் என்ற சின்ன ஊர் இந்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டது. ஜூன் இர்வின் என்ற தோல் மருத்துவர் 1985 முதல் ஊர் மன்றக் கூட்டங்களுக்கு விடாமல் போய், புல்வெளி மருந்துகளைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். 1991-ல் மன்றம் அழகுக்காக மருந்தடிப்பதைத் தடை செய்தது. இரண்டு புல்வெளிப் பராமரிப்பு நிறுவனங்கள் வழக்காடிக் கனடா உச்ச நீதிமன்றம் வரை போயின. 2001 ஜூன் 28 அன்று தீர்ப்பு ஊருக்குச் சாதகமாக வந்தது. பிறகு கியூபெக் மாகாணமும் ஒன்டாரியோவும் தங்களுக்கென்று கட்டுப்பாடு கொண்டுவந்தன. நம் பேரூராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டால் அதற்குச் சட்டத்தின் பலம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் ஒரு வழக்கத்தை அது உண்டாக்கும். அடிக்கும் முந்தின நாள் நான்கு பக்கமும் சொல்லிவிடுவது நல்ல தொடக்கம்.

வாய்ப்பேச்சில் முடியாவிட்டால் வழி இருக்கிறது. முதலில் சான்று: தேதி தெரியும்படி வீடியோ, முடிந்தால் டப்பா லேபிளின் படம், காற்று எந்தப் பக்கம் வீசியது என்ற குறிப்பு, உடம்பு சரியில்லாமல் போனால் அன்றே மருத்துவரின் சீட்டு. மருந்து தடை செய்யப்பட்டதோ, உரிமம் இல்லாத கடையில் வாங்கியதோ என்ற சந்தேகம் இருந்தால் வேளாண்மைத் துறையின் வட்டார உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். பூச்சிக்கொல்லி ஆய்வாளர்கள் அந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். தொடர்ந்து நடக்கும் தொல்லை என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பொதுத் தொல்லையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவுதான் இது. நஞ்சை அலட்சியமாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 286-ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். உங்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு வந்த நிறுவனத்தின் கவனக்குறைவால் உங்கள் குடும்பம் பாதிக்கப்பட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் மதிப்பு வரை கட்டணம் இல்லை. ஆவணத்தைப் பத்திரப்படுத்தச் சொல்வது சும்மா அல்ல. கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை மூடியது 2001-ல். அங்கே வேலை பார்த்த 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு வந்தது 2016-ல்.

மருந்து மேலே பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். பால், உப்புத் தண்ணீர் எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, எச்சில் ஒழுகுவது, வியர்வை கொட்டுவது, தசை துடிப்பது தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108. கையோடு டப்பாவையும் எடுத்துப் போக வேண்டும். மருந்தின் பெயர் தெரிந்தால்தான் அட்ரோபின் போடுவதா, வேறா என்று மருத்துவர் விரைவாக முடிவெடுப்பார். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது வீட்டுக்காரரும் அல்ல, பக்கத்து வீட்டுக்காரரும் அல்ல. ஒரே நாளில் நாலைந்து வீட்டுக்கு டேங்க் சுமக்கும் அந்த அண்ணன்தான். கூப்பிடுகிற வீடு அவருக்குக் கையுறை, முகக்கவசம், வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீரும் சோப்பும் கொடுத்தாக வேண்டும். இடையில் டீயோ பீடியோ கழுவாத கையோடு வேண்டாம். பாஸ்பரஸ் வகை மருந்துகளைக் கையாளும் பணியாளர்களுக்கு மாதம் ஒரு முறை ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தனியாக வேலை பார்க்கும் கூலிக்காரருக்கு அதை எடுத்துத் தர எந்த நிறுவனமும் இல்லை. யவத்மாலில் ஆட்கள் குவிந்தபோது மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பரிசோதனைக்கு வசதி இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. பழனியிலும் திண்டுக்கல்லிலும் அரசு மருத்துவமனைகளில் அது எடுக்கப்படுகிறதா என்று அடுத்த குறைதீர் கூட்டத்தில் யாராவது கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும்.