கள்ளியைக் கொல்வது பனியா, ஈரமா?



லயத்து வாசலில் கள்ளிச்சட்டி வைக்க நம்மவர்களில் பலருக்கு ஆசை. ஆனால் நுவரெலியாப் பக்கம் தை, மாசி கழிந்ததும் "பனியில செத்துப் போச்சுங்க, இது பாலைவனத்துச் செடி, நம்ம குளிருக்கு வராது" என்று சட்டியைத் தூக்கி எறிந்து விடுகிறார்கள். இது முழுக்கச் சரியில்லை.

கனடா நாட்டில் சப்பாத்திக்கள்ளி இனத்தில் சின்னதொன்று காட்டிலேயே வளர்கிறது. அங்கே மாரிகாலத்தில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் போகும். அதற்கும் அது சாகாது. எப்படி? குளிர் வருமுன்பே உடம்பிலுள்ள தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும். தோல் சுருங்கி, தரையோடு சாய்ந்து, வாடினது போல் கிடக்கும். உள்ளே மிஞ்சிய சாறு பாகு மாதிரித் தடித்து விடுவதால் லேசில் உறையாது. வெயில் திரும்பியதும் தண்ணீர் குடித்து நிமிரும்.

தண்ணீர் நிறைந்த செடிக்குத்தான் ஆபத்து. உள்ளே தண்ணீர் உறைந்தால் சதை கிழிந்து போகும். பனி விழுந்த காலையில் நம்ம மலையில் கொழுந்து கருகுவதும் இதனால்தான். இங்கிலாந்தில் கள்ளி வளர்ப்பவர்கள் மாரிகாலத்தில் செடிக்கு மேலே கண்ணாடி வைப்பது, குளிரை விட மழையைத் தடுக்கத்தான்.

நமக்கோ மழைதான் பெரிய எதிரி. வைகாசி தொடங்கி ஆவணி வரை வெளியில் நனைகிற கள்ளி, பனி வருமுன்பே வேர் அழுகி விடுகிறது. பனி கடைசி அடியைத்தான் கொடுக்கிறது. ஆகவே சட்டியில் ஓட்டை இருக்க வேண்டும். மண்ணில் பாதி, பருமணலும் சல்லிக்கல்லுமாக இருக்கட்டும். வெயில் படுகிற, தகரத்து நீர் சொட்டாத இஸ்தோப்பு ஓரத்தில் வையுங்கள். கார்த்திகையிலிருந்து தண்ணீரைக் குறைத்து, மார்கழியில் நிறுத்தி விடுங்கள். சுருங்கினால் பயப்பட வேண்டாம். காற்றில்லாமல் வானம் தெளிந்திருக்கும் இரவில் குளிர் பள்ளத்தில்தான் தேங்கும். அன்றைக்குச் சட்டியை மேட்டில் வைத்து, சாக்குப் போட்டு மூடி, காலையில் எடுத்து விடுங்கள்.

அடி அழுகினாலும் மேல்பாகம் நல்லதாயிருந்தால் வெட்டி, நிழலில் ஒரு கிழமை காயவிட்டு, உலர்ந்த மணலில் நட்டால் பிழைக்கும்.

மேலே சிவப்பு உருண்டையும் கீழே பச்சைத் தண்டுமாய் விற்கிறார்களே, அதற்குக் காசைக் கொட்டாதீர்கள். சிவப்பு உருண்டை தானாகச் சாப்பாடு தயாரிக்காது. அது ஒட்டியிருக்கும் தண்டோ சூடான நாட்டுச் சாதி, நம்ம குளிரைத் தாங்காது. சப்பாத்திக்கள்ளியையும் சட்டியோடு வையுங்கள், வேலியோரம் நட வேண்டாம். அம்பாந்தோட்டைப் பக்கம் புந்தல பூங்காவில் அது பரவிப் பெரிய தொல்லையாகி விட்டது.

இன்னொன்று. கிள்ளினால் பால் வடிகிற கள்ளி வேறு சாதி. அந்தப் பால் பிள்ளைகளின் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கசக்க விடாமல், நல்ல தண்ணீரால் கால் மணித்தியாலமாவது கழுவி, உடனே டிஸ்பென்சரிக்குக் கொண்டு போங்கள்.