குணமானதை யார் சொல்வது?

மனநலச் சிகிச்சையில் ஒருவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதை எண்ணால் குறிக்கிறார்கள். அந்த எண்ணுக்குள் அளப்பவரின் பண்பாடும் உட்கார்ந்திருக்கிறது என்பதே என் வாதம்.

1990களில் பிரிட்டனில் உருவான 'ஹானோஸ்' அளவுகோலை நியூசிலாந்திலும் பயன்படுத்துகிறார்கள். 12 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை சிகிச்சையாளர் மதிப்பெண் போடுவார். எண் குறைந்தால் முன்னேற்றம். உறவுகளுக்கும் அதில் ஒரு கூறு உண்டு; ஆனால் தனியாளின் பிரச்சினைகளில் ஒன்றாக.

அந்நாட்டின் மவோரி மனநல மருத்துவர் மேசன் டூரிக்கு நலம் என்பது நான்கு சுவர் வீடு: ஆன்மா, மனம், உடல், சுற்றம். 1980களில் அவர் முன்வைத்த கருத்து இது. ஒரு சுவர் சரிந்தாலும் வீடு கோணிப்போகும். இதை அடியொற்றி டெ கானி கிங்கியும் டூரியும் 2000இல் வகுத்த 'ஹுவா ஒராங்கா', நான்கைப் பற்றியும் மூன்று தரப்பைக் கேட்கிறது: சிகிச்சை பெறுபவர், சிகிச்சையாளர், குடும்பத்தார். சுற்றம் இங்கே அளக்கப்படுவது மட்டுமல்ல, அளக்கவும் செய்கிறது.

சரி, குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டால் போதுமா? குடும்பமும் ஓர் அதிகாரம்தானே. எதிர்த்துப் பேசிய பெண் வாயடைத்துப் போனால் 'இப்ப நல்லாயிட்டா' என்று வீட்டார் சொல்லக்கூடும். அவளோ, 'எனக்கு ஒண்ணும் மாறல' என்பாள். இந்த இரண்டு பதில்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அவள் குரல் அதில் கரைந்துவிடும். பதில்கள் முரண்படுகிற இடத்தில்தான் சிகிச்சையாளர் பேச்சைத் தொடங்க வேண்டும். அளக்கட்டும், அளவுகோலில் அவள் கையும் இருக்கட்டும்.