மரவீடு கட்ட ஆசையா? கூரைகள் சேரும் மூலையை முதலில் பாருங்கள்!

வீடு எங்கே ஒழுகும் என்று தச்சரைக் கேட்டால், பெரும்பாலும் அவர் விரல் நீட்டுவது ஒரே இடத்தைத்தான். இரண்டு கூரைச் சரிவுகள் உள்பக்கமாகச் சேரும் மூலை. அதற்குப் பெயர் கூடல்வாய்.

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாதுமலையில் இருக்கிறது நெல்லிவாசல்நாடு. மண்சுவரும் புல் கூரையும் இந்த மலையின் பழைய வீட்டு முறை. இப்போது மலைப்பகுதிகளில் வேறொரு ஆசையும் பரவுகிறது. முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் வீடு. இன்ஸ்டாகிராமில் பார்க்க அழகுதான். ஆனால், தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் அது தாங்க வேண்டுமே!

அதைக் கட்டுவதற்கு முன்பே கணினியில் சோதித்துவிடலாம். ஸ்கெட்ச்அப் செயலியின் இலவசப் பதிப்பு பிரௌசரிலேயே இயங்கும். ஃப்ரீகேட் முழுக்க இலவசம். எதில் வரைந்தாலும் மூன்று இடங்களில் கவனம் தேவை.

அரை மரம் வித்தியாசம்

செங்கல் சுவரை ஒரே பலகைபோல வரைந்துவிடலாம். மரச்சுவர் அப்படியல்ல. மூலையில் மரங்கள் காடி வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக உட்காரும். அதனால் பக்கத்துப் பக்கத்துச் சுவர்கள் அரை மரம் அளவுக்கு ஏறி இறங்கி நிற்கும். 20 செ.மீ. கனமுள்ள மரம் என்றால் வித்தியாசம் 10 செ.மீ.

திரையில் எல்லாச் சுவரையும் ஒரே உயரத்தில் வரைந்தால் கூரை கச்சிதமாகப் பொருந்தும். கட்டும்போது பொருந்தாது. 'ட' வடிவ வீட்டில் ஒரு பக்கக் கூரை மேலேறி, கூடல்வாய் மூலையைவிட்டு நகர்ந்துவிடும்.

30 என்பது 22 ஆகும்

30 டிகிரி சரிவுள்ள இரண்டு கூரைகள் செங்கோணத்தில் சேர்ந்தால், கூடல்வாயின் சரிவு சுமார் 22 டிகிரிதான். இரண்டு கூரைத் தண்ணீரும் அங்கேதான் வந்து விழும். சரிவோ குறைவு. அந்த மூலை முதலில் ஒழுகுவதற்குக் காரணம் இதுதான். ஓட்டுக்கு அடியில் அகலமான தகடு போட வேண்டிய இடமும் அதுவே. மூலைக்கு வெளியே நீளும் மர நுனிகளைத் தாழ்வாரம் மூடுகிறதா என்பதையும் திரையில் பார்த்துக்கொள்ளலாம். நனைந்த நுனி மக்கும்.

கணினிக்குத் தெரியாதது

பச்சை மரம் உலரும்போது குறுக்குவாட்டில் சுருங்கும். நீளவாக்கில் மிகக் குறைவு. அதனால் 8 அடி உயர மரச்சுவர் சில அங்குலம்கூட இறங்கலாம். நிமிர்ந்து நிற்கும் தூணோ அப்படியே நிற்கும். கதவு, ஜன்னலுக்கு மேலே இடைவெளி விடாவிட்டால் நிலை நெரிபடும், கூரை ஒருபக்கம் தூக்கும். வரைபடத்தில் சுவர் எந்நாளும் இறங்காது. அந்த இடைவெளியைத் தச்சர் சொல்லித்தான் வரைய வேண்டும்.

இமயத்தில் ஒரு பாடம்

இமாச்சலப் பிரதேசத்தின் காட்குனி வீடுகள் இதற்கு நல்ல உதாரணம். தேவதாரு மரமும் கல்லும் மாறி மாறி அடுக்கிய, சாந்து பூசாத சுவர்கள். இந்த முறையில் கட்டப்பட்ட நக்கர் கோட்டை 1905 காங்ரா நிலநடுக்கத்தையே தாக்குப்பிடித்தது. எழுதிவைக்காமல் கைவழி வந்த இந்தக் கலையை பரத் தவே, ஜய் தக்கர், மான்சி ஷா ஆகியோர் 2013-ல் 'பிரதா' என்ற நூலில் ஆவணப்படுத்தினார்கள்.

ஜவ்வாதுமலைக்கும் இது பொருந்தும். காப்புக்காட்டில் மரம் வெட்டுவது குற்றம். எனவே மரவீடு என்றால் மரத்தை விலைகொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால், பழைய மண்வீட்டை அளந்து வரைய ஒரு டேப்பும் ஒரு மடிக்கணினியும் போதும். செலவில்லை.

சுவர் எவ்வளவு கனம், கூரை எவ்வளவு சரிவு, புல்லை எப்படிக் கட்டினார்கள்? கட்டிய பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வரைந்துவிட வேண்டும். வீடு இடிந்தால் வரைபடத்தைப் பார்த்து மறுபடி கட்டலாம். கட்டத் தெரிந்தவர் போய்விட்டால் யாரிடம் கேட்பது?