தண்ணீர் ஏறும் உயரம்

வெல்லவாயவுக்கு அருகே நிலத்தடியில் இயங்குகிறது உமா ஓயா மின்நிலையம். 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட இதன் இரண்டு சுழலிகளும் சேர்ந்து 120 மெகாவாற்று மின்சாரம் தரக்கூடியவை. பண்டாரவளைப் பக்கத்து டயரபா நீர்த்தேக்கத்திலிருந்து சுரங்கவழியே வரும் நீர், ஏறத்தாழ 700 மீற்றர் கீழிறங்கி அவற்றைச் சுழற்றுகிறது. இந்த உயரத்தைத்தான் பொறியியலாளர்கள் ‘ஹெட்’ என்கிறார்கள்.

பத்து மீற்றர் உயர நீர் தன் அடியில் ஏறக்குறைய 1 பார் அமுக்கத்தைத் தரும். 700 மீற்றர் என்றால் 70 பார். குழாய் அகலமோ ஒடுக்கமோ, செங்குத்தோ சரிவோ, அசையாத நீரின் அமுக்கத்தைத் தீர்மானிப்பது உயரம் மட்டுமே.

தேயிலைத் தோட்டத்தில் இதே கணக்கு தலைகீழாகிறது. ஊற்று, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே இருந்தால் பீலியில் தண்ணீர் தானாக விழும். ஊற்று பள்ளத்திலும் லயம் மேட்டிலும் இருந்தால் பம்ப் வேண்டும். பள்ளத்து ஓடைக்கும் லயத்தின் தண்ணீர்த் தாங்கிக்கும் இடையே செங்குத்து உயரம் 50 மீற்றர் என்று கொள்வோம். பம்ப் 5 பார் அமுக்கம் தந்தால்தான் நீர் தாங்கியின் வாயைத் தொடும். ஓடத் தொடங்கியதும் குழாயின் உராய்வு, வளைவுகள், வால்வுகள் எல்லாம் மேலும் சில மீற்றர்களைத் தின்னும். அதே அளவு நீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் செலுத்தினால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 30 மடங்காகும்.

பம்பில் ‘அதிகபட்ச ஹெட் 50 மீற்றர்’ என்று எழுதியிருந்தால், அந்த உயரத்தில் அது தரும் நீர் பூச்சியம். இரண்டு பம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் உயரம் கூடும். பக்கம் பக்கமாக இணைத்தால் நீரின் அளவு கூடும்.

உறிஞ்சும் பக்கத்துக்கும் எல்லை உண்டு. நீரைப் பம்புக்குள் தள்ளுவது வளிமண்டலம். கடல்மட்டத்தில் அது 10.3 மீற்றருக்கு மேல் நீரை ஏற்றாது. 1,200 மீற்றர் உயரப் பண்டாரவளையில் 9 மீற்றரையும் எட்டாது. நடைமுறையில் கிடைப்பது இன்னும் குறைவு. ஆகவே பம்பின் இடம் ஓடைக்கரைதான், லயத்தின் வாசல் அல்ல.

பம்ப் வாங்கப் போகிறவர்கள் குதிரைவலுவை மட்டும் கேட்டுத் திரும்பக்கூடாது. செங்குத்து உயரத்தை அளந்து, உராய்வு இழப்பைக் கூட்டி, அந்த மொத்த உயரத்தில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் கிடைக்கும் என்று கேட்க வேண்டும். இந்தக் கணக்குப் பிழைத்தால், நாள் முழுதும் கொழுந்து பறித்த பெண்கள்தான் குடத்தோடு மறுபடி பள்ளத்துக்கு இறங்க வேண்டியிருக்கும்.