ஆபீஸ் போய்க்கொண்டே செஸ்ஸில் ஜெயிக்கலாம்!

"ஆபீஸ், பஸ், வீடு... செஸ்ஸுக்கு ஏதுங்க நேரம்?" என்று அலுத்துக்கொள்கிறவரா நீங்கள்?

மானுவல் ஆரோனைப் பாருங்கள். பேங்க் உத்தியோகம் பார்த்தவர். ஆனாலும் 1959 முதல் 1981-க்குள் 9 முறை தேசிய சாம்பியன்! 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவரும் அவரே!

ராத்திரி முழுக்க செல்போனில் மின்னல் வேகத்தில் ஆடித் தள்ளினால் தூக்கம்தான் கெடும். ஆட்டம் ஏறாது.

ஒரே ஒரு ஆட்டம் போதும். நிதானமாக ஆடுங்கள். காய் நகர்த்தியதை எல்லாம் நோட்டில் எழுதுங்கள். தோற்றால் நல்லது! மறுநாள் பஸ்ஸில் நோட்டைப் புரட்டி, எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்று கண்டுபிடியுங்கள். அதுதான் பாடம்.

இன்னொன்று: எத்தனை மணிக்கு முடியும் என்று சம்சாரத்திடம் சொல்லிவிட்டு உட்காருங்கள். வீட்டு ராணி கோபித்துக்கொண்டால், பலகையில் ராணி இருந்து என்ன பிரயோசனம்?