கல்லடைப்பு என்று நினைத்த வலி

அறுபத்தைந்தைத் தாண்டிய ஒருவர் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கீழக்கரையில் முதலில் வரும் பேச்சு, "கல்லா இருக்கும்" என்பதுதான். வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்த ராமநாதபுரக் கரையில் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வாழைத்தண்டுச் சாறு கொடுப்பார்கள், வலிக்கு ஊசி போடுவார்கள், கல்லும் இறங்கிவிடும். ஆனால் அந்த வயது வரை கல்லே வராத ஒருவருக்கு, அதுவும் பல வருடம் பீடியோ சிகரெட்டோ பிடித்தவருக்கு, முதன்முறையாக அந்த வலி வந்தால் உடனே கல் என்று முடிவு கட்டக் கூடாது. வயிற்றுப் பெருந்தமனி வீங்கிக் கசியத் தொடங்கும்போதும் வலி இதே இடத்தில்தான் வரும். அந்தக் கசிவை மருத்துவர்களே தவறாகக் கணிக்கும்போது அதிகம் சொல்லப்படும் நோயும் சிறுநீரகக் கல்தான்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, நெஞ்சுக்கூட்டில் இறங்கி, உதரவிதானத்தைக் கடந்து வயிற்றுக்குள் வருகிறது. முதுகெலும்பை ஒட்டி, சற்றே இடப்பக்கமாக ஓடி, ஏறத்தாழ தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. ஒரு சாணுக்கும் குறைவான இந்தத் தூரத்திற்குள்தான் கல்லீரல், இரைப்பை, மண்ணீரல், குடல், இரண்டு சிறுநீரகங்கள் அனைத்துக்கும் கிளைகள் பிரிகின்றன. குழாயின் அகலம் சாதாரணமாக 2 சென்டிமீட்டர். சிறுநீரகக் கிளைகளுக்குக் கீழே உள்ள பகுதியின் சுவரில் மீள்தன்மை தரும் நார்கள் குறைவு. சுவருக்கே உணவூட்டும் நுண்ணிய நாளங்களும் குறைவு. அதனால் வீக்கம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. அகலம் 3 சென்டிமீட்டரைத் தொட்டால் மருத்துவர்கள் அதை அனியூரிசம் என்கிறார்கள். சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் புடைத்தால் காற்றடிக்க அடிக்க அந்த இடமே மேலும் புடைப்பதைப் போல, தமனியும் அகலமாக ஆகச் சுவரின் இழுவிசை கூடிக்கொண்டே போகும்.

இதில் கொடுமை, வெடிக்கும் வரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லை என்பது. வெடித்தபின் பத்தில் எட்டுப் பேர் இறந்துவிடுகிறார்கள். அவர்களில் பலர் மருத்துவமனையை எட்டுவதே இல்லை. முன்பே கண்டுபிடித்துத் திட்டமிட்டு அறுவை செய்தால், நல்ல மையங்களில் இறப்பு நூற்றில் ஐந்துக்கும் குறைவு.

ஐன்ஸ்டைனுக்கும் இந்த நோய்தான். வயிற்றுவலி பலமுறை வந்தபின், 1948 டிசம்பரில் நியூயார்க்கில் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்தபோது வீங்கிய பெருந்தமனி தெரிந்தது. அன்று அந்தக் குழாயை மாற்றும் வித்தை யாருக்கும் கைவரவில்லை. நிஸ்ஸன் வீக்கத்தைச் சுற்றி செலோஃபேன் தாளைப் போர்த்தினார்; அதனால் உண்டாகும் தழும்பு சுவரைத் தாங்கும் என்பது எண்ணம். 1951இல் பாரிஸில் சார்ல் டுபோஸ்ட், வீங்கிய பகுதியை வெட்டி எடுத்து, இறந்த ஒருவரின் தமனியைப் பொருத்தினார். சில ஆண்டுகளில் செயற்கைத் துணிக் குழாய்கள் வந்தன. 1955 ஏப்ரலில் ஐன்ஸ்டைனின் தமனி கசிந்தபோது அறுவை செய்ய வழி இருந்தது. அவர் மறுத்துவிட்டார், 18ஆம் தேதி, 76 வயதில் இறந்தார்.

இன்று இரண்டு வழிகள். வயிற்றைத் திறந்து, தமனியைத் தற்காலிகமாக இறுக்கி, பாலியெஸ்டர் குழாயைத் தைப்பது ஒன்று. தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாகத் துணி போர்த்திய ஸ்டென்ட்டை உள்ளே கொண்டுபோய் விரிப்பது மற்றொன்று; 1990இல் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி அதை வயிற்றுத் தமனிக்குச் செய்து காட்டினார். ஸ்டென்ட் வைத்தவர் சில நாளில் வீடு திரும்பலாம். ஆனால் அது நகர்ந்திருக்கிறதா, ஓரத்தில் கசிகிறதா என்று ஆயுள் முழுக்க ஸ்கேன் பார்க்க வேண்டும். விலையும் லட்சங்களில். சிறுநீரகக் கிளைக்கும் வீக்கத்துக்கும் இடையே பற்றிக்கொள்ளப் போதிய இடம் இல்லாதவர்களுக்குச் சாதாரண ஸ்டென்ட் பொருந்தாது.

எல்லா வீக்கத்துக்கும் அறுவை தேவையில்லை. ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 5 சென்டிமீட்டரும்தான் பொதுவான எல்லை. அதுவரை ஸ்கேனில் அளந்துகொண்டே வர வேண்டும். பிரிட்டனின் திட்டத்தில் 4.4 வரை ஆண்டுக்கு ஒருமுறை, 4.5 முதல் 5.4 வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அந்த நாட்டில் 65 வயதாகும் ஒவ்வோர் ஆணுக்கும் ஸ்கேனுக்கு அழைப்புக் கடிதம் வருகிறது. நமக்கு அப்படியொரு கடிதம் வரப்போவதில்லை. ஆனால் நம் ஊர் ஆண்கள் ஸ்கேன் அறைக்குப் போகாதவர்கள் அல்லர். வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர் புராஸ்டேட்டுக்காகவோ கல்லுக்காகவோ வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார். "பெருந்தமனியையும் அளந்து எழுதுங்கள்" என்று கேட்டால் சில நிமிடங்கள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். வெறும் வயிற்றில் போனால் குடல் வாயு மறைக்காமல் தெளிவாகத் தெரியும். புகைத்த பழக்கம் உள்ள, 65 வயதைக் கடந்த ஒவ்வோர் ஆணும் ஒருமுறையாவது இதைக் கேட்க வேண்டும் என்பது என் அழுத்தமான எண்ணம்.

காரணம் தூரம். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். ஆனால் தமனியைத் திறக்கும் அறுவைக்கு மதுரைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். வெடித்த தமனி அந்தத் தூரத்தைத் தாங்காமல் போகலாம். திடீரென விலாவிலோ முதுகிலோ கடும் வலி, கூடவே வியர்வை, மயக்கம், பிரஷர் இறக்கம் என்றால் சாறு பிழிந்து காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். "தமனி வீக்கமாக இருக்குமோ, ஸ்கேன் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லவும் தயங்கக் கூடாது.

பெருந்தமனிக்கு வேறு நோய்களும் உண்டு. பிரியும் இடம் அடைத்தால் நடக்கும்போது பிட்டமும் தொடையும் வலிக்கும், ஆண்மைக் குறைவும் வரும்; இதில் புகையுடன் சுகரும் குற்றவாளி. இளம்பெண்ணுக்குக் கடும் பிரஷர், ஒரு கையில் நாடி மங்கல் என்றால் தகாயாசு என்ற தமனி அழற்சியை மருத்துவர் தேட வேண்டும். இந்தியாவில் அது வயிற்றுத் தமனியை அடிக்கடி தாக்குகிறது.

வீக்கம் இருப்பவர் புகையை அன்றே விட வேண்டும், பிரஷர் மாத்திரையைத் தவறவிடக் கூடாது. நீர்க்கடுப்புக்காக மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் இவர்களுக்குத் தமனி கிழியும் அபாயத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. வாங்கும் முன் மருத்துவரிடம் வீக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். நோய் குடும்ப வழியிலும் வரும். வாப்பாவுக்கு இருப்பது தெரிந்தால் பெரியத்தாவும் சாச்சாவும் அந்த மாதமே ஸ்கேன் எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் எந்த வயதில் எடுக்க வேண்டும் என்பதையும் அதே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.